எம்ஆர்என்ஏவை லிப்பிட் நானோதுகளுக்குள் அடைப்பது எப்படி

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு லிப்பிட் நானோதுகள் தயாரிக்கக் கற்றுத்தருவது என் பொறுப்பு. புரதம் செய்யச் செல்லுக்குக் கட்டளை தரும் எம்ஆர்என்ஏவை உள்ளே வைத்துச் சுமந்துசெல்லும் நுண்ணிய கொழுப்புத் துகள்தான் லிப்பிட் நானோதுகள். மேசைக்கு முன் நின்று அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிப்பெட் பிடிக்கவும் செல் வளர்க்கவும் தெரிந்த முதுகலை மாணவர் எவரும் இதைப் பின்பற்றலாம். இது ஆராய்ச்சிக்கான செய்முறை மட்டுமே. மனித உடலுக்குள் செலுத்தும் மருந்தைத் தயாரிப்பதற்கு வேறு வசதிகளும் சட்டப்படியான அனுமதிகளும் வேண்டும்.

செய்முறைக்குள் நுழையும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்தத் துகளின் பிறப்பு, பயணம், வேலை எல்லாவற்றையும் ஆள்வது பி.எச். என்ற அமிலத்தன்மை அளவுதான் (எண் குறைந்தால் அமிலம் கூடுதல்). துகளின் முக்கியப் பொருளான 'அயனியாகும் லிப்பிட்', பி.எச். 4-இல் நேர்மின்னூட்டம் பெற்று, எதிர்மின்னூட்டமுள்ள ஆர்என்ஏவைப் பற்றிக்கொள்கிறது. இரத்தத்தின் 7.4-இல் அதே லிப்பிட் மின்னூட்டத்தை இழந்து சாதுவாகிவிடுகிறது. அதனால் செல்களையும் புரதங்களையும் கண்டபடி பற்றி இழுப்பதில்லை. செல் அந்தத் துகளை விழுங்கியதும் எண்டோசோம் என்ற பைக்குள் பி.எச். படிப்படியாக 6-க்கும் கீழே இறங்குகிறது. லிப்பிட் மீண்டும் மின்னூட்டம் பெறுகிறது. பையின் சவ்விலுள்ள எதிர்மின்னூட்ட லிப்பிட்டுகளோடு இணைந்து அந்தச் சவ்வைக் குலைக்கிறது. ஆர்என்ஏ வெளியே வந்து சைட்டோபிளாசத்தை அடைகிறது. கீழே வரும் ஒவ்வொரு படியையும் 'இங்கே பி.எச். என்ன?' என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

இந்த இடத்துக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. 1987-இல் பிலிப் ஃபெல்க்னர் குழுவினர் எப்போதும் நேர்மின்னூட்டத்தோடு இருக்கும் லிப்பிட்டைக் கொண்டு டிஎன்ஏவைச் செல்லுக்குள் செலுத்திக் காட்டினார்கள். வளர்ப்புத் தட்டில் அது நன்றாக வேலை செய்தது. உடலுக்குள்ளோ, மாறாத அந்த மின்னூட்டமே நச்சுத்தன்மைக்குக் காரணமானது. தேவைப்படும் இடத்தில் மட்டும் மின்னூட்டம் பெறும் லிப்பிட் வேண்டும் என்ற திசையில் வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பீட்டர் கல்லிஸும் அவரோடு பணியாற்றியவர்களும், பிறகு அல்நைலம் என்ற மருந்து நிறுவனத்தின் வேதியியலாளர்களும் உழைத்தார்கள். அதன் விளைவுதான் எம்சி3 என்று சுருக்கமாக அழைக்கப்படும் லிப்பிட். ஐம்பதுக்கும் மேற்பட்ட லிப்பிட்டுகளை ஒப்பிட்டு, கல்லீரலுக்குச் செல்லும் துகளின் பி.கே.ஏ. (லிப்பிட்டில் பாதி மின்னூட்டம் பெறும் பி.எச்.) 6.2-க்கும் 6.5-க்கும் இடையில் இருப்பதே சிறந்தது என்று 2012-இல் வெளியிட்டார்கள். அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் முத்துசாமி ஜெயராமன். எம்சி3-இன் பி.கே.ஏ. 6.44. அதைக் கொண்டு உருவான பாட்டிசிரான் என்ற மருந்து 2018 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஒரு மரபணுவின் வேலையை அடக்கும் சிறு குறுக்கீட்டு ஆர்என்ஏவைக் கொண்ட முதல் மருந்து அதுதான். இரண்டாண்டு கழித்து வந்த கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளும் இதே பாதையில் நடந்தவை.

எந்தக் கலவையில் தொடங்குவது

முதன்முறை செய்பவர் பாட்டிசிரானின் கலவை விகிதத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புதுப் புது லிப்பிட்டுகள் சந்தையில் நிறையக் கிடைக்கின்றன, ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் எம்சி3-க்கு எல்லா எண்களும் பலரால் பலமுறை சரிபார்க்கப்பட்டவை. உங்கள் முடிவு தவறினால் குறை கலவையில் இல்லை, கைவேலையில் என்று உடனே தெரியும். கற்கும்போது அந்தத் தெளிவு மிகவும் தேவை.

கலவையில் நான்கு பொருள்கள். மோல் கணக்கில் எம்சி3 50, டிஎஸ்பிசி என்ற பாஸ்போலிப்பிட் 10, கொலஸ்ட்ரால் 38.5, டிஎம்ஜி-பெக் 2000 என்ற பெக் லிப்பிட் (நீரை விரும்பும் பெக் சங்கிலி இணைந்த லிப்பிட்) 1.5. மாடர்னா தடுப்பூசியும் இதே விகிதம்தான். எம்சி3-க்குப் பதில் எஸ்எம்-102 என்ற அயனியாகும் லிப்பிட் இருக்கும். ஃபைசர்–பயோஎன்டெக் சற்று மாற்றி 46.3, 9.4, 42.7, 1.6 என்று வைத்தது.

எம்சி3-இன் வேலையை மேலே சொல்லிவிட்டேன். டிஎஸ்பிசியும் கொலஸ்ட்ராலும் துகளுக்குக் கட்டமைப்பைத் தருகின்றன. பெக் லிப்பிட் மேற்பரப்பில் நின்று, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கிறது. துகளின் அளவைத் தீர்மானிப்பதிலும் அதற்குப் பெரும் பங்கு உண்டு. பெக் கூடினால் துகள் சிறுக்கும், ஆனால் செல்லுக்குள் நுழைவது கடினமாகும். டிஎம்ஜியின் வால் பதினான்கு கார்பன் மட்டுமே நீளமானது. அதனால் இரத்தத்தில் அது மெல்லக் கழன்றுவிடுகிறது. கழன்ற இடத்தில் அப்போஇ என்ற புரதம் வந்து ஒட்டிக்கொள்ள, கொழுப்பை எடுத்துக்கொள்ளக் கல்லீரல் வைத்திருக்கும் வாசல் வழியாகவே துகளும் உள்ளே போகிறது. உடல் தானே முகவரி எழுதி அனுப்பிவைக்கும் இந்த ஏற்பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

கணக்கு

கையுறை மாட்டும் முன் கணக்கை முடித்துவிடுங்கள். எவ்வளவு லிப்பிட் தேவை என்பதை ஆர்என்ஏவின் பாஸ்பேட் எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. அயனியாகும் லிப்பிட்டின் நைட்ரஜனுக்கும் ஆர்என்ஏவின் பாஸ்பேட்டுக்கும் உள்ள மோல் விகிதத்தை என்/பி என்கிறோம். எம்ஆர்என்ஏவுக்கு 6 நல்ல தொடக்கம்.

லூசிஃபெரின் என்ற பொருளோடு சேர்ந்தால் ஒளி தரும் லூசிஃபெரேஸ் புரதத்துக்கான எம்ஆர்என்ஏ 100 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வோம். ஒரு நியூக்ளியோடைடின் சராசரி எடை 330 என்று கொண்டால் 100-ஐ 330-ஆல் வகுக்க 0.303 மைக்ரோமோல் பாஸ்பேட். ஆறால் பெருக்கினால் 1.818 மைக்ரோமோல் எம்சி3. அது மொத்த லிப்பிட்டில் பாதி. ஆக மொத்தம் 3.636 மைக்ரோமோல். மற்ற மூன்றும் இதிலிருந்து கிடைக்கும்:

எம்சி3, மூலக்கூறு எடை 642: 1,167 மைக்ரோகிராம்
டிஎஸ்பிசி, 790: 287 மைக்ரோகிராம்
கொலஸ்ட்ரால், 386.7: 541 மைக்ரோகிராம்
டிஎம்ஜி-பெக் 2000, ஏறக்குறைய 2,509: 137 மைக்ரோகிராம்

மொத்தம் 2.13 மில்லிகிராம். ஆர்என்ஏவைப் போல 21 மடங்கு எடை. உங்கள் கணக்கில் இது ஐந்து மடங்கு என்றோ நூறு மடங்கு என்றோ வந்தால் எங்கோ அலகு மாறியிருக்கிறது என்று பொருள்.

எம்சி3-க்கு எத்தனாலில் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம், மற்ற மூன்றுக்கும் 10 மில்லிகிராம் செறிவில் இருப்புக் கரைசல் வைத்திருந்தால், முறையே 58.4, 28.7, 54.1, 13.7 மைக்ரோலிட்டர் எடுத்து, எத்தனால் சேர்த்து 500 மைக்ரோலிட்டராக்குங்கள். கருவியின் குழாயில் கொஞ்சம் தங்கிவிடும் என்பதால் இரு பக்கமும் பத்து சதவீதம் கூடுதலாகவே தயாரிப்பது நல்லது.

லிப்பிட் பக்கம்

லிப்பிட் குப்பிகள் மைனஸ் 20 டிகிரியில் இருக்கும். எடுத்தவுடன் திறக்காதீர்கள். அறை வெப்பநிலைக்கு வரும்வரை மூடியே வையுங்கள். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் குளிர்ந்த குப்பியைத் திறந்தால் உள்சுவரில் கண்முன்னே நீர் பூக்கும். அந்த நீர் எடையைக் கெடுக்கும், நாளடைவில் லிப்பிட்டின் எஸ்டர் பிணைப்புகளையும் உடைக்கும்.

எத்தனால் நீரற்றதாக இருக்க வேண்டும். கண்ணாடிக் குப்பியே போதும், பாதுகாப்பானதும் கூட. டிஎஸ்பிசியும் கொலஸ்ட்ராலும் குளிர் பட்டால் கரைசலிலிருந்து பிரிந்துவிடும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவதைப் போலக் குப்பியின் அடியில் வெண்மையாகப் படியும். ஒவ்வொரு முறையும் 50 டிகிரிக்குச் சற்று மேலே சூடாக்கி, வெளிச்சத்துக்கு எதிரே குப்பியைச் சாய்த்துப் பாருங்கள். அடியில் மினுமினுப்பாக ஒரு துகள் மிதந்தாலும் கரையவில்லை என்றே கொள்ளுங்கள். அந்த நிலையில் பிப்பெட்டில் எடுத்தால் உங்கள் விகிதம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். எத்தனால் எளிதில் தீப்பற்றும். சூடாக்க வெப்பக் கட்டியைப் பயன்படுத்துங்கள், சுடர் பக்கமே போகாதீர்கள். குப்பியை நெடுநேரம் திறந்து வைத்தாலும் எத்தனால் ஆவியாகிச் செறிவு ஏறிவிடும்.

ஆர்என்ஏ பக்கம்

50 மில்லிமோலார் சிட்ரேட் பஃபர் (பி.எச். மாறாமல் பிடித்து வைக்கும் கரைசல்), பி.எச். 4.0. மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் செறிவுள்ள எம்ஆர்என்ஏ 100 மைக்ரோலிட்டரை 1.4 மி.லி. பஃபரில் சேர்த்தால் 1.5 மி.லி. கரைசல் தயார். ஆர்என்ஏவைக் கலப்பதற்குச் சற்று முன்புதான் இதைச் செய்ய வேண்டும். அதுவரை அது பனிக்கட்டியில் இருக்கட்டும்.

ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் நொதி நம் தோலில், எச்சிலில், தூசியில் இருக்கிறது. கொதிக்க வைத்தாலும் அவ்வளவு எளிதில் அழியாது. மேசையை அதற்கான திரவத்தால் துடையுங்கள். வடிகட்டி வைத்த பிப்பெட் முனைகளையே பயன்படுத்துங்கள். நடுவில் செல்பேசியையோ கதவுப் பிடியையோ தொட்டால் கையுறையை மாற்றுங்கள். பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு: பி.எச். மீட்டர். அதன் மின்முனை யார் யாருடைய கரைசல்களிலோ முங்கி எழுந்தது. பஃபர் குப்பிக்குள் அதை இறக்கவே கூடாது. சிறிதளவைத் தனிக் குழாயில் ஊற்றி அளந்துவிட்டு அதைக் கொட்டிவிடுங்கள்.

ஆர்என்ஏவைச் சேர்த்த பிறகும் ஒருமுறை பி.எச். பாருங்கள். இதற்கு மீட்டர் வேண்டாம். குறுகிய வரம்புள்ள பி.எச். தாளில் இரண்டு மைக்ரோலிட்டர் சொட்டு வைத்தால் போதும். சொட்டு விரிந்து நிறம் மாறியதும் தெரிந்துவிடும். சில ஆர்என்ஏ இருப்புக் கரைசல்கள் தமக்கென வலுவான பஃபரோடு வரும். அவை உங்கள் 4-ஐச் சத்தமில்லாமல் 5-க்கு மேல் தூக்கிவிடும். அப்படியானால் ஆர்என்ஏவைப் பிடித்துக்கொள்ளும் மின்னூட்டம் குறைந்துவிட்டது. பிறகு எவ்வளவு அழகாகக் கலந்தாலும் அடைப்பு குறையும்.

கலக்கும் பத்து விநாடி

மூன்று பங்கு ஆர்என்ஏ கரைசல், ஒரு பங்கு எத்தனால் கரைசல். நுண்குழாய்ச் சில்லில் மொத்த ஓட்டம் நிமிடத்துக்கு 12 மி.லி.; அதாவது ஆர்என்ஏ பக்கம் 9, எத்தனால் பக்கம் 3. சில்லின் தரையில் மீன்முள் வடிவத்தில் சாய்ந்த வரப்புகள் இருக்கும். இந்த வடிவமைப்பை ஏப்ரகாம் ஸ்ட்ரூக் குழு 2002-இல் வெளியிட்டது. மெல்லிய குழாயில் இரண்டு திரவங்கள் பக்கம் பக்கமாக, கலக்காமலே ஓடும் இயல்புடையவை. வரப்புகள் அவற்றைச் சுழற்றி மடித்து மில்லி விநாடிகளில் கலந்துவிடுகின்றன.

இந்த வேகம் ஏன் தேவை? எத்தனாலில் நிம்மதியாகக் கரைந்திருக்கும் லிப்பிட்டுகள் நீரைச் சந்தித்ததும் தாங்க முடியாமல் ஒன்று கூடத் தொடங்குகின்றன. கலப்பு மெதுவாக நடந்தால் சில மூலைகளில் முன்னதாகவும் சில மூலைகளில் பின்னதாகவும் கூடும்; துகள்கள் பலவித அளவில் பிறக்கும். கலப்பு முடிந்த பிறகே கூடல் தொடங்கினால் எல்லாத் துகளும் ஒரே சூழலில், ஒரே அளவில் பிறக்கின்றன.

இரண்டு மில்லிலிட்டர் பத்தே விநாடியில் ஓடி முடிந்துவிடும். முதல் முறை பார்த்த ஒரு மாணவி, "அக்கா, இவ்வளவுதானா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். குழாயில் வந்து சேரும் திரவம் தெளிவாக, ஒளியில் பிடித்தால் இலேசான நீலச் சாயலோடு இருக்க வேண்டும். பாலைப்போல் வெளுத்திருந்தால் துகள் பெரிது. முதலில் வெளிவரும் 0.2 முதல் 0.3 மி.லி. வரையும் கடைசிச் சொட்டுகளும் வேண்டாம். ஓட்டம் நிலைப்படும் முன்பும் நிற்கும் போதும் விகிதம் சரியாக இருக்காது. காற்றுக்குமிழி ஒன்று சிரிஞ்சில் இருந்தாலும் இதே கதிதான். சிரிஞ்சைச் செங்குத்தாகப் பிடித்துத் தட்டி, குமிழி முழுதும் வெளியேறிய பிறகே மாட்டுங்கள்.

சில்லும் பம்பும் இல்லாத ஆய்வகங்கள் நம்மிடம் நிறைய. அவர்கள் தயங்க வேண்டாம். எத்தனால் கரைசலுக்குள் ஆர்என்ஏ கரைசலைப் பிப்பெட்டால் ஒரே வீச்சில் செலுத்தி, உடனே வேகமாக மேலும் கீழுமாக இழுத்துக் கலந்தாலும் துகள்கள் உருவாகும். அளவு பெரிதாகவும் சற்றுச் சீரற்றும் இருக்கும். ஒவ்வொருவர் கைக்கும் முடிவு மாறும். பல லிப்பிட்டுகளைச் செல்களில் ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். விலங்குக்குச் செலுத்துவதானால் சில்லையோ டி வடிவ இணைப்பையோ நாடுங்கள். பெரிய ஆலைகளும் இந்தக் கலப்பைப் பெரிய தொட்டியில் செய்வதில்லை. ஃபைசர் தனது கலமாசூ ஆலையில் இரண்டு தாரைகளை நேருக்கு நேர் மோதவிடும் சிறு கலப்பிகளைப் பல வரிசையாக அடுக்கித்தான் உற்பத்தியைப் பெருக்கியது.

டயாலிசிஸ்

வெளிவந்த திரவத்தில் கால் பங்கு எத்தனால், பி.எச். இன்னும் அமிலம். இந்த நிலையில் துகள் நிலையானதல்ல. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது. உடனே டயாலிசிஸ் பையில் ஊற்றி, ஆயிரம் மடங்கு கொள்ளளவுள்ள பிபிஎஸ் என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலில், பி.எச். 7.4-இல், மிதமாகக் கலக்கியபடி வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் பஃபரை மாற்றிவிட்டு 4 டிகிரியில் இரவு முழுவதும் விடுங்கள்.

இதை வெறும் கழுவல் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் துகளின் பாதி பிறப்பு இங்கேதான் நடக்கிறது. அமிலத்தில் உருவானவை சிறு சிறு பைகள். பி.எச். ஏற ஏற எம்சி3 மின்னூட்டத்தை இழக்கிறது. பைகள் ஒன்றோடொன்று இணைந்து, உள்ளே எண்ணெய் போன்ற மையம் கொண்ட முழுத் துகளாகின்றன. இதைக் கல்லிஸ் குழு 2018-இல் விளக்கியது. எனவே டயாலிசிஸுக்கு முன் அளந்த அளவைக் குறிப்பேட்டில் முடிவாக எழுதாதீர்கள். பை வழியாக எத்தனாலும் சிட்ரேட்டும் வெளியேறும். அடைபடாத எம்ஆர்என்ஏ வெளியேறாது, அது பெரியது. அது மாதிரியிலேயே தங்கி, அடுத்த சோதனையில் தெரியவரும்.

செறிவு தேவைப்பட்டால் 100 கிலோடால்டன் மைய விலக்கு வடிகட்டியில் குறைந்த வேகத்தில் சுழற்றுங்கள். அவசரப்பட்டு வேகம் கூட்டினால் துகள்கள் சவ்வில் நெரிந்து திரளும். கடைசியாக 0.22 மைக்ரான் வடிகட்டி.

அளவும் அடைப்பும்

ஒளிச்சிதறல் கருவியில் 70 முதல் 100 நானோமீட்டர் விட்டமும், 0.2-க்குக் கீழ் பி.டி.ஐ. என்ற பரவல் குறியீடும் வந்தால் நன்று. சில்லில் செய்தது 0.1-ஐ ஒட்டியே வரும். சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் படிக்கு ஏற்ப ஏறுவதால் ஒரு தூசித் துணுக்கு ஆயிரமாயிரம் துகள்களின் குரலை மறைத்துவிடும். நீர்த்துப்போகச் செய்யும் பிபிஎஸ்ஸையும் வடிகட்டியே சேருங்கள்.

அடைப்பை அளக்க ரைபோகிரீன் சாயம். இது ஆர்என்ஏவோடு இணைந்தால் மட்டும் ஒளிரும், துகளுக்குள் நுழையாது. ஒரே மாதிரியை இரண்டு வரிசைக் குழிகளில் வையுங்கள். ஒரு வரிசையில் வெறும் பஃபர். அங்கே ஒளிர்வது வெளியே இருக்கும் ஆர்என்ஏ. மறு வரிசையில் டிரைட்டான் என்ற சோப்பு போன்ற பொருள்; அது துகளை உடைத்துவிடுவதால் ஒளிர்வது மொத்த ஆர்என்ஏ. டிரைட்டான் சாயத்தின் ஒளிர்வையும் மாற்றும். அதனால் தெரிந்த ஆர்என்ஏ அளவுகளைக் கொண்டு போடும் தரவரைகோட்டையும் டிரைட்டானோடும் டிரைட்டான் இல்லாமலும் தனித்தனியே போட வேண்டும். மொத்தம் மில்லிலிட்டருக்கு 42 மைக்ரோகிராம், வெளியே 2.5 என்றால், 39.5-ஐ 42-ஆல் வகுக்க 94 சதவீத அடைப்பு.

இங்கே நான் பிடிவாதமாக இருப்பேன். அந்த 94-ஐ மட்டும் எழுதிக்கொண்டு வரும் மாணவரிடம், போட்ட 100 மைக்ரோகிராமில் எவ்வளவு கைக்கு வந்தது என்று கேட்பேன். குழாயிலும் சவ்விலும் வடிகட்டியிலும் பாதி ஆர்என்ஏ போய்விட்டிருந்தாலும் அடைப்புச் சதவீதம் அழகாகவே இருக்கும். ஏனெனில் மிஞ்சியதற்குள் எவ்வளவு அடைபட்டது என்பதை மட்டுமே அது சொல்கிறது. மீட்பு அளவையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். ரைபோகிரீன் ஆர்என்ஏ முழுசா துண்டா என்றும் சொல்லாது. துகளை உடைத்து ஆர்என்ஏவை எடுத்து ஜெல்லிலோ நுண்குழல் மின்புலப் பிரிப்பிலோ ஓடவிட்டுப் பார்த்தால்தான் அது தெரியும். லிப்பிட்டிலுள்ள ஆக்சிஜனேற்ற மாசுகள் ஆல்டிஹைடாகி எம்ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொண்டு அதைப் புரதமாக்க முடியாதபடி செய்வதை மாடர்னா ஆய்வாளர்கள் 2021-இல் காட்டினார்கள். பழைய லிப்பிட் குப்பியை நான் விரும்பாததற்கு இதுவே காரணம்.

நேரமிருந்தால் டிஎன்எஸ் சாயத்தைக் கொண்டு துகளின் பி.கே.ஏ.வையும் அளந்துவிடுங்கள். பி.எச். 4-லிருந்து 9 வரை பஃபர் வரிசை வைத்து ஒளிர்வு பாதியாகும் இடத்தைப் பாருங்கள். எம்சி3 துகளுக்கு அது 6.4-ஐ ஒட்டி வர வேண்டும்.

செல்லுக்குள்

96 குழித் தட்டில் குழிக்குப் பத்தாயிரம் ஹெப்ஜி2 என்ற கல்லீரல் செல்கள், மறுநாள் குழிக்கு 50 நானோகிராம் எம்ஆர்என்ஏ அளவுக்குத் துகள். எம்சி3 துகளுக்கு அப்போஇ தேவை என்பதால் மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் சேருங்கள். அதைச் சேர்க்காமல், துகள் வேலை செய்யவில்லை என்று குப்பையில் போட்டவர்கள் உண்டு. 24 மணி நேரம் கழித்து லூசிஃபெரின் சேர்த்து ஒளியை அளங்கள். ஒப்பீட்டுக்கு எதுவும் சேர்க்காத குழி, வெறும் எம்ஆர்என்ஏ போட்ட குழி, ஆர்என்ஏ இல்லாத வெற்றுத் துகள் போட்ட குழி, ஆர்என்ஏவைச் செல்லுக்குள் செலுத்தக் கடையில் கிடைக்கும் பொருளோடு எம்ஆர்என்ஏ போட்ட குழி ஆகிய நான்கும் வேண்டும். செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்பதையும் தனியாகச் சோதியுங்கள்.

ஒளி குறைவாக இருந்தால் மனம் தளராதீர்கள். நன்றாகச் செயல்படும் துகளிலும் எண்டோசோமை விட்டு வெளியேறும் சிறு குறுக்கீட்டு ஆர்என்ஏ 1 முதல் 2 சதவீதம்தான் என்று 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. மீதி செல்லுக்குள்ளேயே சிதைந்துவிடுகிறது. இத்துறையின் பெரும் பூட்டு இன்னும் அந்தப் பைதான். இன்னொன்று, தட்டில் வென்ற கலவை எலியில் தோற்பதும், தட்டில் தோற்றது எலியில் வெல்வதும் வழக்கமாக நடப்பவை. தட்டு முடிவைத் தடைச் சோதனையாக வையுங்கள், இறுதித் தேர்வாக வைக்காதீர்கள்.

முடிவு கோணினால் எதை முதலில் பார்ப்பது? விட்டம் 150-ஐத் தாண்டினால் ஓட்ட வேகம், குமிழி, பெக் லிப்பிட்டின் அளவு, உறைந்த கொலஸ்ட்ரால் என்ற வரிசையில் பாருங்கள். அடைப்பு குறைந்தால் முதலில் பஃபரின் பி.எச்., பிறகு என்/பி கணக்கு, அதன் பின் எம்சி3 குப்பியின் வயது. அளவு, அடைப்பு இரண்டும் நன்றாக இருந்தும் ஒளி இல்லையென்றால் ஆர்என்ஏவின் முழுமை, அப்போஇ, செல்களின் நிலை.

வேறு சரக்குகள்

எம்ஆர்என்ஏவில் கை பழகிவிட்டால் மற்றவை கடினமில்லை. சிறு குறுக்கீட்டு ஆர்என்ஏவுக்கு என்/பி 3 போதும், பாட்டிசிரான் அப்படித்தான். மரபணுத் திருத்தத்துக்கு, டிஎன்ஏவை வெட்டும் காஸ்9 புரதத்தின் எம்ஆர்என்ஏவையும் வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் வழிகாட்டி ஆர்என்ஏவையும் ஒரே துகளில் அடைக்கிறார்கள். பாஸ்பேட் கணக்கில் இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 2025-இல் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் அமோனியாவைக் கழிக்க முடியாத அரிய கல்லீரல் நொதிக் குறைபாட்டோடு பிறந்த ஒரு குழந்தைக்கு, அக்குழந்தையின் பிறழ்வுக்கென்றே சில மாதங்களில் உருவாக்கிய திருத்தியை லிப்பிட் நானோதுகளில்தான் செலுத்தினார்கள். அந்தச் செய்தியை எங்கள் மாணவர்களுக்குப் படித்துக் காட்டியபோது எனக்குக் குரல் கம்மியது.

கல்லீரலைத் தாண்டிப் போக வேண்டுமானால் ஐந்தாவது பொருள் ஒன்று வேண்டும். எப்போதும் நேர்மின்னூட்டமுள்ள டோடாப் என்ற லிப்பிட்டைப் பாதியளவுக்குச் சேர்த்தால் துகள் நுரையீரலை நாடுகிறது. எதிர்மின்னூட்ட லிப்பிட் சேர்த்தால் மண்ணீரலை. டல்லாஸில் டேனியல் சீக்வர்ட் குழு 2020-இல் எலிகளில் இதைக் காட்டியது. பிளாஸ்மிட் என்ற வட்ட வடிவ டிஎன்ஏவை மட்டும் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். சைட்டோபிளாசத்தில் டிஎன்ஏவைக் கண்டால் செல் அபாய மணி அடித்துக் கடும் அழற்சியைத் தூண்டும்.

சேமித்து வைத்தல்

4 டிகிரியில் சில நாள்கள் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் மைனஸ் 80. ஆனால் பிபிஎஸ்ஸில் அப்படியே உறையவிடாதீர்கள். உறையும்போது பாஸ்பேட் உப்புகளில் ஒன்று முந்திப் படிகமாகிவிட, மீதித் திரவத்தின் பி.எச். சரிந்துவிடுகிறது. எம்சி3 மீண்டும் மின்னூட்டம் பெறுவதற்கு அதுவே போதும். பனிப்படிகங்களும் துகள்களை நெரிக்கும். 20 மில்லிமோலார் டிரிஸ் பஃபர், பி.எச். 7.4, எட்டு முதல் பத்து சதவீதம் சுக்ரோஸ் உள்ள கரைசலுக்கு மாற்றிவிட்டு உறையவிடுங்கள். மாடர்னா தொடக்கத்திலிருந்தே டிரிஸ், சுக்ரோஸ் வைத்தது. ஃபைசரும் 2021-இல் பாஸ்பேட்டை விட்டு டிரிஸுக்கு மாறியது.

ஒரு முறைக்குத் தேவையான அளவாகச் சிறு குழாய்களில் பிரித்து வையுங்கள். ஒருமுறை உருகியதை மறுபடி உறையவிடக் கூடாது. குழாயின் மேல் தேதி, லிப்பிட் குப்பியின் தொகுதி எண், என்/பி, ஆர்என்ஏ செறிவு நான்கையும் ஆல்கஹால் பட்டால் அழியாத பேனாவால் எழுதுங்கள். உருகிய பின், செல்லில் போடும் முன், விட்டத்தையும் அடைப்பையும் இன்னொரு தடவை அளந்து, உறைவதற்கு முன் எழுதிய எண்களுக்குப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.